செத்த காலேஜில் ஒரு பால்சங்கு

அந்தக் காலத்தில் காணும் பொங்கல் வந்தால் பாரிவாக்கத்தில் பாதி ஊர் காலியாகிவிடும். வரப்பில் நடந்து பூந்தமல்லி ரோட்டைப் பிடித்து, கிடைத்த வண்டியில் தொற்றிக்கொண்டு எல்லாரும் பட்டணம் போவார்கள். முதலில் உயிர் காலேஜ், அப்புறம் செத்த காலேஜ், கடைசியில் கடற்கரை. உயிர் காலேஜ் என்றால் சிங்கமும் கரடியும் கூண்டுக்குள் நடமாடும் இடம். செத்த காலேஜ் என்றால் கற்சிலையும், பஞ்சு அடைத்த புலியும், திமிங்கில எலும்பும் வைத்திருக்கும் காட்சிசாலை. இரண்டுக்கும் காலேஜ் என்று பெயர் வந்தது எப்படி என்று யாரும் மெனக்கெட்டு விசாரித்ததில்லை.

வேம்புலியம்மாள் மட்டும் சிங்கத்தைப் பார்த்ததே கிடையாது. வண்டியிலிருந்து இறங்கியதும் நேரே செத்த காலேஜுக்குப் போய்விடுவாள். அங்கே ஒரு கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் மத்தியானம் வரை நிற்பாள். பிறகு யாருக்கும் காத்திராமல் ஊர் திரும்பிவிடுவாள். பட்டப்பெயர் வைப்பதில் பாரிவாக்கத்தாரை அடித்துக்கொள்ள ஆளில்லை. செத்த காலேஜ் வேம்புலி என்று வைத்துவிட்டார்கள். அவள் கோபித்துக்கொள்ளவும் இல்லை, காரணம் சொல்லவும் இல்லை. காரணம் தெரிந்த ஒரே ஆள் அவள் புருஷன் சின்னசாமி. அவர் வாயிலிருந்து ஒரு சொல்லைப் பிடுங்குவதைவிடக் கிணற்றில் விழுந்த வாளியை எடுப்பது சுலபம்.

அவள் பிறந்தது காட்டுப்பாக்கத்தில். வேம்புலியம்மனுக்கு நேர்ந்துகொண்டு பிறந்ததால் அந்தப் பெயர். பாரிவாக்கத்துச் சின்னசாமிக்கு வாக்கப்பட்டு வந்தபோது இன்னும் பாவாடை தடுக்கும் வயசுதான். அடுத்தவர் நிலத்தை வாரத்துக்கு உழுது விளைச்சலில் பங்கு வாங்கும் குடும்பம். நடவு, களை, அறுப்பு, மாட்டுக்குப் புல் என்று மற்றப் பெண்களுக்கு விதித்ததுதான் அவளுக்கும். கெட்டிக்காரி என்றோ அசடு என்றோ யாரும் சொன்னதில்லை. ஒரே ஒரு பழக்கம் அவளிடம் உண்டு. ஒன்றைச் செய்யவேண்டும் என்று மனசில் பட்டால் யாரிடமும் யோசனை கேட்கமாட்டாள்.

ஊருக்கு வடக்கே கூவம் ஆறு. அதில் அப்போது தண்ணீர் ஓடியது, அந்தத் தண்ணீரைக் குடித்தார்கள் என்று இன்றைக்குச் சொன்னால் சிரிப்பார்கள். ஆற்றை ஒட்டி வெள்ளம் ஏறாத உயரத்தில் ஒரு செம்மண் மேடு இருந்தது. அதன்மேல் ஆள் உட்காரும் அளவில் கற்கள் வட்டமாகக் கிடந்தன. பெரிய வட்டம் ஒன்று, சுற்றிச் சின்ன வட்டங்கள். ஊரார் அதைப் பாண்டவர் மேடு என்றார்கள். பெரிய கல்லாக எது கண்ணில் பட்டாலும் பாண்டவர் கணக்கில் எழுதிவிடுவது நம்மவர் வழக்கம். அந்த ஐந்து பேரும் வனவாசத்தில் வேறு வேலையே பார்க்கவில்லை போலிருக்கிறது. உண்மையில் அது இடுகாடு. பெயர் தெரியாத எந்தக் காலத்து ஜனங்களோ தங்கள் செத்தவர்களைத் தாழியில் வைத்துப் புதைத்து, மேலே மண்ணைக் குவித்து, சுற்றிலும் கல்லை உருட்டி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அந்தச் சுற்றுவட்டாரத்தில் பாறையே கிடையாது. எங்கிருந்து உருட்டினார்கள் என்பது அவர்களுக்குத்தான் வெளிச்சம்.

மேட்டில் ஆடு மேயலாம், கல்லை மட்டும் அசைக்கக் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. அசைத்தால் மழை பொய்த்துவிடும்.

முதல் உலக யுத்தம் முடிகிற சமயத்தில் விஷக் காய்ச்சல் வந்தது. கப்பலில் திரும்பிய சிப்பாய்களோடு வந்தது என்றார்கள். அந்த வருஷம் மழையும் ஏமாற்றிவிட்டது. ஒரு வீட்டில் பாடை கட்டி முடிப்பதற்குள் அடுத்த வீட்டில் ஒப்பாரி கிளம்பியது. பிறகு ஒப்பாரி வைக்கவும் தெம்பில்லாமல் போயிற்று. வேம்புலியம்மாளின் தலைச்சன் பெண் வடிவு அப்போது கைக்குழந்தை. குப்புற விழுந்து தலையைத் தூக்கப் பழகியிருந்தாள், அவ்வளவுதான். காய்ச்சல் கண்ட மறுநாளே போய்விட்டாள்.

பல் முளைக்காத குழந்தையை எரிக்கமாட்டார்கள். தகப்பன் கையில் ஏந்திக்கொண்டு போய்ப் புதைத்துவிட்டு வருவான். தாய் வாசற்படியோடு நின்றுவிட வேண்டும், இடுகாட்டுப் பக்கம் பெண்ணின் நிழலும் படக்கூடாது. ஆனால் சின்னசாமி நினைவில்லாமல் கிடந்தார். மைத்துனன்மாரும் அதே கோலம். குழி வெட்டும் வெட்டியானை அதற்கு முன்தினம்தான் புதைத்திருந்தார்கள். ஊர் இடுகாட்டில் மண் காய்ந்து கட்டாந்தரையாகிவிட்டதால் குழிகளை ஆழமாக வெட்ட முடியவில்லை. நரிகள் தோண்டிப் போட்டதை வேம்புலியம்மாள் தன் கண்ணால் பார்த்திருந்தாள்.

பொழுது புலர்ந்ததும் குழந்தையைப் பழம்புடவையில் சுற்றி எடுத்துக்கொண்டு, களைக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, அவள் பாண்டவர் மேட்டுக்குப் போனாள். சாமியும் இல்லை, சாங்கியமும் இல்லை. அங்கே கல் இருந்தது. கல்லை நரி புரட்டாது. அவள் யோசித்தது அவ்வளவுதான்.

வடக்கு ஓரத்துச் சின்ன வட்டத்தில் ஒரு பலகைக்கல் லேசாக ஆடியது. அதை நெம்பித் தள்ளிவிட்டுக் கொத்தினாள். அடியில் மண் பொலபொலவென்று இருந்தது. முழங்கை ஆழத்தில் ஒரு பானை தட்டுப்பட்டது. உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு, வாய் அகலம், உடையவில்லை. உள்ளே மண்ணைத் தவிர ஒன்றுமில்லை. யாருடைய பானை என்று அவள் யோசிக்கவில்லை. அளவு சரியாக இருந்தது. குழந்தையைத் தூங்குகிற வாக்கில் ஒருக்களித்து உள்ளே வைத்தாள். மடியிலிருந்த பால்சங்கை எடுத்து அதன் வாய்க்குப் பக்கத்தில் வைத்தாள். குழந்தையின் உதட்டைக் கீறாமலிருக்க அம்மிக்கல்லில் தேய்த்துத் தேய்த்து முனையை அவளே மழுக்கிய சங்கு அது. குழந்தையின் முகத்தில் மண் படாமல் கவிழ்க்க வீட்டிலிருந்து கொண்டுவந்த மடக்கால், அந்த மண்மூடியால், பானையை மூடி, மண்ணைத் தள்ளி, பலகைக்கல்லைப் பழையபடி இழுத்துப் போட்டாள். அப்புறம் ஆற்றில் குளித்துவிட்டு வந்து புருஷனுக்குக் கஞ்சி வைத்தாள்.

சின்னசாமி பிழைத்து எழுந்து குழந்தை எங்கே என்று கேட்டார். சொன்னாள். அவர் போய்க் கதவைச் சாத்திவிட்டு, "யாராண்டயும் சொல்லாத" என்றார்.

அவர் சொன்னதில் அர்த்தம் இருந்தது. மழை இல்லாத வருஷம். கல்லை அசைத்தது யார் என்று ஊர் ஏற்கெனவே துருவிக்கொண்டிருந்தது. மழை பொய்த்தது ஆவணியில், அவள் கல்லைத் தள்ளியது ஐப்பசியில். ஆனால் ஆத்திரத்தில் இருக்கும் ஊர் மாசத்தையா பார்க்கும்? போதாததற்குப் பெண்பிள்ளை, தானே போய்ப் புதைத்தவள். ஊரைவிட்டே துரத்தியிருப்பார்கள். அதனால் இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள். பிறகு ஒரு பையன் பிறந்தான், வளர்ந்தான், அவனுக்கும் சொல்லவில்லை.

மாடு மேய்க்கப் போகும்போது அந்தப் பலகைக்கல்லின் மேல் அவள் உட்காருவதுண்டு. அழுதாள் என்று எழுத ஆசைதான். ஆனால் அவள் அழுததாகத் தெரியவில்லை. கல் அசையாமல் இருக்கிறதா என்று கையால் அழுத்திப் பார்ப்பாள், சாணியைப் பொறுக்கிக்கொண்டு வந்துவிடுவாள். குழந்தை போய்விட்டது, ஆனால் பத்திரமாக இருக்கிறது. அவளுக்கு அது பெரிய ஆறுதலாகவே இருந்தது.

பல வருஷம் கழித்து அந்த ஆறுதலுக்கு ஆபத்து வந்தது. ஆவடிப் பக்கம் போடும் ரோட்டுக்குக் கல்லும் கிராவலும் வேண்டுமென்று ஒரு கண்டிராக்டருக்குப் பாண்டவர் மேட்டை விட்டுவிட்டார்கள். ஊர்க் கட்டுப்பாடு என்னவாயிற்று என்று கேட்கலாம். கிராம முன்சீப் கோதண்டம் அதற்கு வழி கண்டுபிடித்திருந்தார். அசைக்கப்போவது வெளியூர் ஆள், பாவம் அவன் ஊருக்குத்தான் போகும் என்றார். எல்லாருக்கும் அது சரியாகவே பட்டது.

கண்டிராக்டரின் வண்டிகள் வருவதற்கு முன்னால் பட்டணத்துக் காட்சிசாலையிலிருந்து ஒரு ஆபீசர் வந்து சேர்ந்தார். ஒல்லியான மனிதர், வெயிலில் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொள்வார், கூலியாட்களையும் வாங்க போங்க என்பார். மேடு எப்படியும் போகப்போகிறது, போவதற்குள் உள்ளே இருப்பதை எடுத்துப் பத்திரப்படுத்தவேண்டும் என்று கூடாரம் போட்டுவிட்டார். தோண்ட ஊர் ஆட்களையே வைத்துக்கொண்டார். சின்னசாமி கடப்பாரை பிடித்தார், வேம்புலியம்மாள் மண்கூடை சுமந்தாள். வேலைக்குப் போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் போகாவிட்டால் அங்கே நடப்பது எப்படித் தெரியும்?

பெரிய வட்டத்தில் ஆள் உயரத் தாழிகள் வந்தன. இரும்புக் கத்தி, மணி, துருப்பிடித்த சூலம் மாதிரி ஒன்று. ஆபீசர் ஒவ்வொன்றையும் தூரிகையால் துடைத்துத் துடைத்து எடுத்தார். குழி வடக்கே நகர்ந்துகொண்டே வந்தது. வேம்புலியம்மாளுக்கு அந்த நாட்களில் சோறு இறங்கவில்லை.

ஆற்றங்கரையில் கூடையை இறக்கும்போது சின்னசாமி அவள் பக்கத்தில் வந்து நின்றார். "நாமளே எடுத்துட்லாமா?" என்றார்.

"எடுத்து எங்க வெக்கிறது?" என்று அவள் கேட்டாள்.

ஊர் இடுகாட்டில் பாதியை ஆறு அறுத்துக்கொண்டு போயிருந்தது. தங்களுக்கென்று சொந்தமாக ஒரு சாண் நிலம் கிடையாது. எங்கே வைத்தாலும் ஒருநாள் யாரோ ஒருவன் ஏதோ ஒரு ரோட்டுக்காகத் தோண்டுவான். அவர் கடப்பாரையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பலகைக்கல்லை நெம்பியது அவர்தான். மற்றவன் கை படவேண்டாம் என்று நினைத்திருப்பார். பானை தெரிந்ததும் ஆபீசர் எல்லாரையும் விலகச் சொல்லிவிட்டு மண்டியிட்டார். மடக்கு நொறுங்கி மண்ணோடு மண்ணாகியிருந்தது. துண்டுகளை அவர் பொறுக்கித் தனியே வைத்தார். பானைக்குள் மெல்லிய மண், பொடியாக இரண்டு எலும்புத் துணுக்கு, ஒரு சங்கு. எட்டிப் பார்த்த ராஜம்மா, அடுத்த வீட்டுக்காரி, "அட, கொயந்தைக்கு பால் ஊத்துற சங்கு" என்றாள். சொன்னவள் கை தன் வயிற்றில் போய் நின்றது.

ஆபீசர் சங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகத்தில் சந்தோஷமும் இருந்தது, சந்தேகமும் இருந்தது. கெட்டிக்கார மனிதர்தான். எழுந்து முன்சீப்பைப் பார்த்து, "இந்த மேட்டுல உங்க ஊர்க்காரங்க யாரையாவது பொதைக்கிறது உண்டா? சமீபத்துல யாராவது?" என்று கேட்டார்.

கோதண்டத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. பாண்டவர் இடத்தில் போய்ப் பிணம் வைக்கிற வம்சம் தங்கள் ஊரில் இல்லை என்றும், தன் பாட்டன் முப்பாட்டன் காலத்திலிருந்து ஒரு கல் அசைந்ததில்லை என்றும், வேண்டுமானால் சாமி முன்னால் சூடம் அணைக்கிறேன் என்றும் சொன்னார். பொய் சொல்லவில்லை, மனிதர் அதை நம்பினார். ஊரும் நம்பியது. ஆபீசர் அதோடு விடவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

அவர் பார்வை தன்மேல் வந்தபோது வேம்புலியம்மாள் கூடையைக் கீழே வைத்தாள். சின்னசாமி கடப்பாரையை ஊன்றிக்கொண்டு தரையைப் பார்த்தார். என் பிள்ளை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த மனிதர் பானையை அவள் கையில் கொடுத்துவிடுவார். அவளுக்கு அது தெரிந்திருந்தது.

"இத்த இன்னா பண்ணுவீங்க சாமி?" என்று கேட்டாள்.

பட்டணத்துக்கு எடுத்துப் போய்க் கண்ணாடிப் பெட்டியில் வைப்போம் என்றார் அவர்.

"நாயி நரி வராதா?"

அவர் சிரிக்கவில்லை. "கதவு இருக்கு, பூட்டு இருக்கு, காவல் இருக்கும்மா. கட்டடம் இருக்கிற வரைக்கும் யாரும் தொடமாட்டாங்க" என்றார்.

வேம்புலியம்மாள் கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள். அன்று பொழுது சாயும்வரை மண் சுமந்தாள். மறு மாதம் மேடு இருந்த இடத்தில் பள்ளம் இருந்தது.

அடுத்த காணும் பொங்கலுக்குச் சின்னசாமியும் கூடப் போனார். கேட்டுக் கேட்டு அந்தப் பெட்டியைக் கண்டுபிடித்தார்கள். பானையை உள்ளே இருந்ததோடு வெளிப்புறம் மட்டும் துடைத்து மரத் தட்டின்மேல் வைத்திருந்தார்கள். சங்கு தனியே வெள்ளைத் துணிமேல் இருந்தது. ஒரு சீட்டும் இருந்தது. கூட்டத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த காவலாளி ஹாஜா மொய்தீன் பூந்தமல்லிக்காரர், பேச்சிலேயே நம்ம பக்கம் என்று கண்டுகொண்டார். கேட்டபோது சீட்டைப் படித்துச் சொன்னார். கூவம் ஆற்றங்கரை, குழந்தையின் ஈமப் பானை, உடன் கிடைத்த சங்கு, காலம் நிச்சயமில்லை.

சின்னசாமி பெட்டியைச் சுற்றி வந்து பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். "நல்லாதான் வெச்சிகீறாங்க" என்றார். அதற்குப் பிறகு அவர் வரவில்லை. இரண்டு மழைக்காலம் கழித்துப் பாம்பு கடித்து இறந்துபோனார்.

அவள் வருஷா வருஷம் போனாள். ஒரே ஒரு விஷயம்தான் அவளை அரித்தது. சங்கு வெளியே இருந்தது. எலும்புப் பொடியும் மண்ணும் பானைக்குள்ளேயே இருக்க, சங்கை மட்டும் எட்டாத தூரத்தில் வைத்திருந்தார்கள். ஜனங்கள் பார்க்கவேண்டும் என்பதற்காக வைத்தது, தப்பில்லை. ஆனால் பெற்றவளுக்கு அது வேறு மாதிரி தெரிந்தது. வீட்டில் அடுப்பு மூட்டும்போது, களை பறிக்கும்போது, அந்த வெள்ளைத் துணியும் சங்கும் ஞாபகம் வரும். கையிலிருப்பதை வைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா இருப்பாள்.

ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணம் பதறியது அதற்கப்புறம்தான். சித்திரை வெயிலில் பூந்தமல்லி ரோடு முழுக்க மாட்டுவண்டியும் கைவண்டியுமாக ஜனம் வெளியே வந்துகொண்டிருந்தது. பெட்டி, படுக்கை, ஆட்டுக்கல், கோழிக்கூண்டு. பாரிவாக்கத்தில் மாட்டுக்கொட்டகைகூடக் குடித்தனமாகிவிட்டது. காட்சிசாலையையும் காலி செய்கிறார்களாம் என்று வந்தவர்களில் ஒருவர் சொன்னது வேம்புலியம்மாள் காதில் விழுந்தது. மகன் தடுக்கத் தடுக்க அவள் கிளம்பிவிட்டாள். பட்டணம் போகும் பஸ்ஸில் அவள் ஒருத்திதான். கண்டக்டர் அவளைப் பைத்தியமோ என்று பார்த்தான்.

செத்த காலேஜில் கூட்டம் இல்லை. ஹாஜா மொய்தீன் வைக்கோலுக்கு நடுவே உட்கார்ந்து மரப்பெட்டிகளில் சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும், ஊரே ஓடுகிறபோது இவள் எங்கே வந்தாள் என்று திட்டினார். பானை அவர் மடியில் இருந்தது. அதைச் சுற்றி வைக்கோல் திணித்துக்கொண்டிருந்தார். சங்கைக் காகிதத்தில் சுருட்டி வேறு பெட்டியில் போட வைத்திருந்தார்.

"பாய், அந்த சங்க பானைக்குள்ளயே வெச்சிடுங்க" என்றாள்.

சீட்டுப்படி தனித்தனியாகத்தான் போகவேண்டும், மாற்றினால் அதிகாரிக்கு யார் பதில் சொல்வது என்றார் அவர். எல்லாம் எங்கே போகிறது என்று அவள் கேட்டாள். தெற்கே ஏதோ ஊருக்காம், தனக்கும் சொல்லவில்லை என்றார்.

அவள் கீழே வைக்கோலில் உட்கார்ந்தாள். புருஷனைத் தவிர யாரிடமும் சொல்லாததைச் சாதாரணமாகச் சொன்னாள். "அது எம்பொண்ணு பாய். நான்தான் வெச்சேன். பால்குடி மறக்காத புள்ள."

ஹாஜா மொய்தீன் கையிலிருந்த வைக்கோலைக் கீழே போட்டார். அவளை ஒவ்வொரு வருஷமும் அதே இடத்தில் பார்த்தவர். நம்புவதற்கு அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை. காகிதத்தைப் பிரித்தார், சங்கை எடுத்து அவள் கையில் கொடுத்தார். அவள் முந்தானையால் அதைத் துடைத்து, பானைக்குள் கையை விட்டு, எந்தப் பக்கம் வைக்கவேண்டுமோ அந்தப் பக்கம் வைத்தாள். எடுத்த கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஆண்டுக்கணக்கில் அழாத அழுகை அது. அவர் அந்தப் பக்கம் திரும்பி, அவள் முடிக்கும் வரை ஆணியைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"பேரு இன்னாம்மா?" என்று பிறகு கேட்டார்.

"வடிவு."

பானையின் வாயில் துணி கட்டி, சுற்றிலும் வைக்கோல் அடைத்து, மூடியை வைத்து ஆணி அடித்தார். அவள் பெட்டியை ஒருமுறை கையால் அழுத்திப் பார்த்தாள். அது அசையவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. பாத்திரமும் பாயும் ஏற்றிய ஒரு மாட்டுவண்டிக்காரர் இரக்கப்பட்டு அவளைப் பின்னால் உட்காரச் சொன்னார். லோகநாதன் என்று பெயர், பெண்சாதி பிள்ளைகளை முன்னாலேயே திருவள்ளூருக்கு அனுப்பிவிட்டாராம். அமைந்தகரை தாண்டியதும், பட்டணத்தில் அவளுக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டார்.

"பொண்ணு கீறா."

"இன்னும் அங்கயேவா கீது? கூட்டிகினு வரலாம் இல்ல?"

"அதையும் இன்னிக்கி வெளியூருக்கு அனுப்புறாங்க" என்றாள் வேம்புலியம்மாள். "எந்த ஊருன்னு தெர்ல. ஆனா நல்லா பத்திரமாத்தான் அனுப்புறாங்க. பாலுக்கும் ஏற்பாடு பண்ணிட்டுத்தான் வர்றேன்."

கைக்குழந்தைக்காரி போலிருக்கிறது அந்தப் பெண் என்று லோகநாதன் நினைத்துக்கொண்டார். நல்லபடியாகப் போய்ச் சேரும், கவலைப்படாதே என்று சொல்லிவிட்டு மாட்டை விரட்டினார்.